பூங்கோரை என்ற பதில்

பதினோரு வயதுப் பெண் ஒருத்தி சரியாக எழுதிய பதிலை நான் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். தெரியாமல் அல்ல. அது சரி என்று என் கண்ணாலேயே பார்த்த பிறகுதான் அப்படிச் செய்தேன். அதனால் ஒரு கடற்கரை ஊருக்கு வரவேண்டிய ஆறாம் வகுப்பு வராமல் போயிற்று. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பழி போட ஓர் ஆள் கிடைக்கமாட்டானா என்று நானும் பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியிருக்கும். ராமநாதபுரத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவன், விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரையில் மேல்படிப்புக்குச் சேர்ந்தேன். கல்வித் துறையில் அப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருந்தது. பிள்ளைகளுக்கு எவ்வளவு விஞ்ஞானம் தெரியும், எவ்வளவு மூடநம்பிக்கை இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும் என்றார்கள். வெளிநாட்டு வினாத்தாள்கள் வந்து சேர்ந்தன. அவற்றை நாங்கள் தமிழாக்கி, பனி என்று இருந்த இடத்தில் மழை என்று மாற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனோம். பதில்களை இரண்டு பத்தியாகப் பிரிப்போம். இடது பத்தி விஞ்ஞானம், வலது பத்தி மூடநம்பிக்கை. மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "எங்களுக்குத் தெரியாதவை" என்று அதற்குத் தலைப்பு வைத்திருக்கலாம்.

உள்நாட்டுக் கிராமங்களின் ஐந்தாம் வகுப்பையும் கடற்கரை ஊர்களின் ஐந்தாம் வகுப்பையும் ஒப்பிடுவது என் ஆய்வு. இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நானே ஒரு கேள்வியை எழுதிச் சேர்த்தேன்: ஒரு நீர்நிலையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன, காரணம் என்ன? தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குறைந்துவிட்டது என்பது நான் எதிர்பார்த்த விடை. அந்த வரி பாடப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. உள்நாட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அதை மனப்பாடமாக எழுதியிருந்தார்கள்.

பாம்பனுக்குத் தெற்கே, தென்கடலைப் பார்த்த ஒரு சிறிய ஊரில் ஓலைக் கொட்டகைப் பள்ளி ஒன்று இருந்தது. முழுக்கக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் ஒரே பதிலை எழுதியிருந்தது. பூங்கோரை.

நான் கண்மாய்க் கரையில் பிறந்தவன். எங்கள் கண்மாயில் கோரை உண்டு. அறுத்துக் காயப்போட்டுப் பாய் பின்னுவார்கள். பூங்கோரை என்றால் பூவிட்ட கோரை, அவ்வளவுதான். புல் எப்படி மீனைக் கொல்லும்? செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்த்தால் காய்ச்சல் வரும் என்பதைப் போல இதுவும் ஒன்று என்று முடிவுகட்டி, அத்தனை தாளையும் வலது பத்தியில் சேர்த்தேன். ஒரு பெண் மட்டும் கூடவே இன்னொரு வரி எழுதியிருந்தாள்: "பூங்கோரை வந்தால் மீனுக்கு மூச்சு முட்டும்." அதை விடுதியில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"புல்லு மீனோட கழுத்தை நெரிக்குதாம்ப்பா!" என்றார் ஒருவர்.

"உங்க ஜில்லாவுல புல்லுக்கும் கை மொளைக்கும்போல" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

சில தாள்களில் தகப்பனாரின் தொழில் விடுபட்டிருந்தது. அதைக் கேட்டு எழுத, புரட்டாசியில் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆசிரியை. அந்தக் கடற்கரையிலேயே பிறந்து, மீன் காயவைக்கும் வீட்டிலிருந்து படித்துப் பயிற்சி முடித்து வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். நான் விவரங்களை எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், ஆறாவது கேட்டு மனுப் போட்டிருக்கோம். ஆபீசுல கெடக்கு. உங்க ஆராய்ச்சி அங்க போகுமா?"

"போகும். ஒரு பிரதி கட்டாயம் போகும்."

"அப்ப இங்கன பிள்ளைக நல்லாப் படிக்குதுன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும் சார். அஞ்சு முடிச்சா பயலுக வள்ளத்துல ஏறிருறான். ஒண்ணு ரெண்டு பேரு அடுத்த ஊருக்கு நடந்து போவான். பொம்பளப் பிள்ளைகள ஒருத்தரும் அம்புட்டுத் தூரம் விடமாட்டாக. இந்தா இவ இருக்காளே, இவளுக்கு இந்த வருசத்தோட சரி."

அவர் கைகாட்டிய பெண் எழுந்து நின்றாள். மூச்சு முட்டும் என்று எழுதியவள் அவள்தான் என்று தாளின் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"மீனு எதுனாலம்மா சாகுதுன்னு எழுதுன?" என்று கேட்டேன். என் குரலில் ஒரு கேலி இருந்தது.

"பூங்கோரை சார்."

"அது புல்லாச்சே?"

அவள் ஆசிரியையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "புல்லு இல்ல சார். இப்பத்தான் வந்து கெடக்கு. வாங்க, காட்டுறேன்."

பள்ளியிலிருந்து கரை நூறு எட்டுக்கூட இருக்காது. பிள்ளைகள் எல்லோரும் முன்னால் ஓடினார்கள். நாற்றம்தான் முதலில் எங்களை எதிர்கொண்டது. கடல் பச்சையாக இருந்தது. கடல் எப்போதும் காட்டும் பச்சை இல்லை, அரிசி மாவில் தழையை அரைத்துக் கரைத்துவிட்டதைப் போல ஒரு கெட்டிப் பச்சை. அலை எழும்பவே சோம்பியது. கரையோரம் நெடுக ஓராவும் விலாங்கும், எனக்குப் பெயர் தெரியாத மீன்களும் வாயைத் திறந்தபடி செத்து ஒதுங்கிக் கிடந்தன.

அந்தப் பெண்ணின் தகப்பனார் வலையை மேலே இழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"சாரு ஊர்க் கோரை பாயாகும். எங்க ஊர்க் கோரை மீனுக்குப் பாடையாகும். பேரு ஒண்ணுதான் சார், சோலிதான் வேற."

பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு கண்ணாடிப் புட்டியில் மொண்டு கொண்டுவந்தாள். என் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். வெயிலுக்கு நேரே புட்டியைத் தூக்கி அதன் வழியாகப் பார்த்தேன். ஜவ்வரிசியைவிடப் பொடியாக, உருண்டை உருண்டையாக, உள்ளே பச்சை வைத்த உயிர்கள். ஆயிரக்கணக்கில் மிதந்தன. தண்ணீரில் இடமே இல்லாதபடி அவை பெருகியிருந்தன. அப்படிப் பெருகி அழுகினால் தண்ணீரில் காற்று எங்கே மிஞ்சும்? மீனுக்கு மூச்சு முட்டத்தானே செய்யும்? புத்தகத்தில் இருந்த வரியைத்தான் அவள் எழுதியிருந்தாள். காரணத்தின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாள். புத்தகத்துக்கு அந்தப் பெயர் தெரியாது.

ஆசிரியை கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிள்ளைகளுக்கும் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அப்ப இதுக எழுதுனது சரிதான சார்?"

"சரிதான் டீச்சர். நான்தான் தப்பா நினைச்சிட்டேன்."

"மார்க்கு போட்டுருவியளா?"

"போட்டுருவேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். "ஏலே, சத்தம் போடாதிய" என்று பையன்களை ஆசிரியை அதட்டினார். அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது.

மதுரைக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த ஒரு கேள்வியை இடது பத்திக்கு மாற்றினால், கடற்கரைப் பிள்ளைகளுக்கும் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கும் நான் காட்டியிருந்த பெரிய வித்தியாசம் கரைந்துபோகும். கடலோரத்தில் மூடநம்பிக்கை மிகுதி என்பதுதான் என் ஆய்வின் முடிவு. அது கரைந்தால் முடிவு என்று சொல்ல என்னிடம் எதுவும் மிஞ்சாது. அட்டவணைகள் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தன. படிப்பு முடிந்ததும் ஒரு பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் இடம் கிடைக்கும் என்று எனக்குச் சாடையாகச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து என் வழிகாட்டிப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர். அட்டவணையை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"ரொம்பத் தெளிவா வந்திருக்கு. இவ்வளவு தெளிவா வந்தாலே எனக்குக் கொஞ்சம் பயம்தான். மறுபடி ஊருக்குப் போனீங்களே, ஏதாவது மாத்தணுமா?"

"இல்லைங்க ஐயா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

நான் சொல்லியிருந்தால் அவர் மாற்றச் சொல்லியிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டார். நான் இரண்டு முறையும் உள்ளே போகவில்லை.

ஆய்வேடு ஏற்கப்பட்டது. கடற்கரைப் பிள்ளைகளின் மூடநம்பிக்கைகள் என்ற பட்டியலில் பூங்கோரையும் ஏறியது. எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. மறு வருடம் அந்த ஆசிரியையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆறாம் வகுப்பு இப்போதைக்கு இல்லை என்று ஆபீசிலிருந்து பதில் வந்துவிட்டதாம். உள்ள வகுப்புகளிலேயே அடிப்படை அறிவு போதாது என்று ஓர் ஆராய்ச்சி சொல்வதாக அதில் கண்டிருந்ததாம். நீங்கள் மார்க் போடுவதாகத்தானே சொன்னீர்கள், அது வேறு யாருடைய ஆராய்ச்சியோ என்று நினைக்கிறேன், கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள் என்று முடித்திருந்தார்.

என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் ஓடியது. எங்கள் துறையில் ஆராய்ச்சிகள் பெருகின. மற்றவர்கள் அவற்றை எப்படிச் சொல்வார்களோ, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒருவர் ஒரு வினாத்தாள் செய்வார். அடுத்தவர் அதை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போவார். பிள்ளைகளுக்கு எது தெரியவில்லை என்று எண்ணுவார். முதலில் கேட்ட கேள்வி சரியா என்று திரும்பிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. கேள்வி பழசாகப் பழசாக மதிப்புக் கூடிக்கொண்டே போகும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள் பயிற்சி மாணவர் ஒருவர் தான் தயாரித்த வினாத்தாளை வகுப்பில் வாசித்தார். கீழ்க்கண்டவற்றில் மூடநம்பிக்கைகள் எவை என்று ஒரு வினா. பூனை குறுக்கே போவது, பல்லி விழுவது, பூங்கோரையால் மீன் சாவது.

"இது எங்கிருந்து எடுத்தீங்க?" என்றேன்.

"உங்க ஆய்வேட்டிலிருந்துதான் சார்" என்றார் அவர். எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். "நம்ம கல்லூரியில மூணு பேரு அதையே எடுத்திருக்காங்க சார்."

அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் சார் என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வகுப்பை முடித்துவிட்டேன். மறுநாள் சொன்னேன். முழுவதும் சொன்னேன். யாரும் என்னை ஏசவில்லை. தலையைக் குனிந்து குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அவசரமாக முடிக்கவேண்டிய ஆய்வுகள் இருந்தன.

பிறகு என்னால் ஆனதைச் செய்யப் பார்த்தேன். படித்த கல்லூரிக்கு எழுதினேன். ஏற்கப்பட்ட ஆய்வேட்டை மாற்ற வழியில்லை, வேண்டுமானால் நூலகப் பிரதியில் ஒரு திருத்தத் துண்டு ஒட்டிக்கொள்ளலாம் என்றார்கள். போய் ஒட்டினேன். அதுவரை அந்தப் பிரதியை எத்தனை பேர் எடுத்துப் படித்துவிட்டார்கள் என்று பின்பக்கத்து முத்திரைகள் காட்டின. கல்வி ஆபீசுக்கு, அட்டவணை தவறு, தவறு என்னுடையது, அதைக் காரணமாக வைத்து ஒரு பள்ளிக்கு ஆறாம் வகுப்பை மறுத்தது நியாயமில்லை என்று ஒரு மனு எழுதி என் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பிறகு அந்த ஊருக்குப் போனேன். தை மாதம் முடியப்போகும் நேரம்.

அதே கொட்டகை, ஓலை மட்டும் புதிது. ஆசிரியை என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க சார், உக்காருங்க" என்றார். நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"நான் வேற யாரோன்னுல்ல நெனச்சேன்" என்றார். "கடுதாசியிலயும் அப்படித்தான எழுதினேன்."

"ஆமா டீச்சர்."

"அத வாசிச்சியளா?"

"வாசிச்சேன்."

"மாதாவே" என்றார். என்னைப் பார்த்து அல்ல. பிறகு குரல் மாறியது. "என்ட்டச் சொல்லி என்னாகப் போகுது சார்? அந்தப் பதில எழுதுனது நானா? அவ அந்தா ஷெட்டுல மீனு அறுத்துக்கிட்டு இருக்கா. அங்கன போயிச் சொல்லுங்க."

அதை எதிர்பார்த்துத்தான் ஒரு கடிதமும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நேரில் பேச வராவிட்டாலும் கையில் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். இரண்டு பக்கம். நல்ல தமிழில், பல முறை திருத்தி எழுதியது.

மீன் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் குந்தியிருந்து மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பதினேழு இருக்கும். கழுத்தில் தாலி, பக்கத்துத் தூளியில் குழந்தை. நான் யார் என்று சொன்னதும் சிரித்தாள்.

"புல்லுன்னு சொன்ன சாரு!"

மற்ற பெண்களும் சிரித்தார்கள். கதை அந்த ஊரில் நிலைத்திருந்தது போல. நான் கடிதத்தை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரித்தாள். சிறிது நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் வரிகளின் மேல் ஓடவில்லை, ஒரே இடத்தில் நின்றது. முதல் எழுத்தை உதட்டால் கூட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"நீங்களே வாசிங்க சார். எழுத்தெல்லாம் விட்டுப் போச்சு."

ஐந்தாவதோடு நிறுத்தப்படும் பிள்ளைகள் சில வருடங்களில் எழுத்தை மறந்துவிடுவார்கள் என்று நான் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறேன். காரணங்களை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன்.

வாசித்தேன். மீன் அறுக்கும் கத்திகள் நின்றுவிட்டன. அவள் பதில் சரி, அது எனக்கு அன்றே தெரியும், வேலைக்காக மறைத்தேன் என்ற இடம் வந்தபோது ஒரு வயதான பெண், "தெரிஞ்சேயா?" என்றாள். தெரிஞ்சேதான் என்றேன். வாசித்து முடித்ததும், கடிதத்துக்கு உரியவள் தூளியை ஒருமுறை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆய்வேடுன்னா என்ன சார்?" என்று கேட்டாள்.

"ஒரு விஷயத்த விசாரிச்சு எழுதுற புஸ்தகம்."

"அதுல என் பேரு இருக்கா?"

"இல்ல. நம்பர்தான் இருக்கு."

"அம்புட்டுத்தானா" என்றாள். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "அது சரின்னு எனக்குத் தெரியுமே சார். மீனு செத்துக் கெடந்துச்சுல்ல? நீங்க மார்க்கு போட்டாலும் போடாட்டியும் அது சரிதான. ஆறாவதுதான் வரல" என்றாள்.

அதில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சனிக்கிழமைதோறும் வந்து, ஐந்தாவதோடு நின்றவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தரட்டுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். "வாங்க, யாரு வேண்டாம்னா" என்றார். அதற்குமேல் என்னோடு அவர் அதிகம் பேசவில்லை. முதல் சனிக்கிழமை ஆறு பெண்கள் வந்தார்கள். அவளும் குழந்தையோடு வந்தாள். எழுத்துகள் அவளுக்கு வேகமாகத் திரும்பின. ஐந்தாவது வாரம் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறி வாசித்துவிட்டாள். என் கடிதத்தை அவள் ஆசிரியையிடம் கொடுத்து வைத்திருந்தாள். "அதைத் தாங்க டீச்சர், நானே வாசிக்கிறேன்" என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், கூட்டெழுத்தெல்லாம் நிறைய இருக்கிறது என்று நான்தான் தள்ளிப்போட்டேன். உண்மை என்னவென்றால், அவள் வாயால் அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

பங்குனி முடிந்து காற்று மாறியது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எடுத்துவிட்டால் தென்கடலில் தொழில் நடக்காது. குடும்பங்கள் வள்ளங்களோடு வடகடல் பக்கம் போய்விடும். ஒரு சனிக்கிழமை நான் போனபோது மீன் கொட்டகையில் இரண்டு கிழவிகள்தான் இருந்தார்கள். அவளும் அவள் புருஷனும் போன இடம் எனக்குத் தெரியவில்லை. ஆவணிக் கடைசியில் ஊர் திரும்பியபோது அவர்கள் குடும்பம் மட்டும் வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆறாம் வகுப்புக்கு அடுத்த வருடம் அனுமதி வந்தது. என் மனுவாலா, அந்தச் சமயம் எல்லா ஊருக்கும் பள்ளிகள் பெருகியதாலா என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் போயிருந்தேன். நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை வருகைப் பதிவேட்டை வாசித்து முடித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து என் கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அவ வாங்க வரல சார். என்ட்ட எதுக்கு இது" என்றார்.

வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.